பழைய உழவு இயந்திரம்: பூச்சு அன்று, வரலாறே சான்று

கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளியில், பெரும்போகத்துக்குரிய மழை ஐப்பசியில் தொடங்குகின்றது. அதற்கு முன்னரே ஆரம்பக் கூட்டம் கூடி, நீர் விடும் நாளும் விதைப்பு முடியும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. அந்நாட்கள் ஒரு கமக்காரனுக்காகக் காத்திரா. வட்டை முழுவதும் உழுது விதைத்துக் கொண்டிருக்கையில், ஒருவனுடைய வயல் மட்டும் தரிசாய்க் கிடக்குமாயின் அதன் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அவன் நம்பியிருந்த உழவு இயந்திரம் வரப்போரத்தில் நின்றுவிட்டது.

புதிய உழவு இயந்திரம் வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வயலில் ஓடுகின்ற இயந்திரங்களுள் பல, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியவையே. பழையதை வாங்குவது குற்றமன்று. முறையாகப் பேணப்பட்ட பழைய இயந்திரம், பேணப்படாத புதியதினும் நெடுநாள் உழைக்கும். ஆயின் பழையதை வாங்கும் முறையில் குற்றம் உண்டு. நகையை அடகு வைத்துச் சேர்த்த பணத்தை, ஒரு மாலை நேரப் பார்வையிலும் ஒரு தரகரின் சொல்லிலும் நம்பி ஒப்படைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

நம்பகமான பழைய இயந்திரம் என்பது மூன்று தன்மைகள் உடையது. அதன் கடந்த கால உழைப்பும் பழுதும் வாங்குவோனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பழுதுபட்டால் உள்ளூர்க் கராஜிலேயே திருத்தக் கூடியதாக இருக்க வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்து காட்டியதாக இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும், எவ்வளவு பளபளப்பாயினும், அதனை விலக்குவதே நன்று.

எருமையிலிருந்து இயந்திரத்துக்கு

இப்பகுதியின் வேளாண்மை இயந்திரத்தை நம்பத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கிழக்குக் கரையை நோக்கிப் பாயத் தொடங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீர் பெருகப் பெருக நெல்நிலம் பெருகியது. நிலம் பெருகிய அளவுக்கு எருமைகள் பெருகவில்லை. பட்டியாக எருமைகளை வயலில் இறக்கி மிதிப்பித்துச் சேறாக்கிய முறை படிப்படியாகக் குறைந்து, இயந்திர உழவு அவ்விடத்தைப் பிடித்தது.

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய ‘லேண்ட்மாஸ்டர்’ என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் அக்காலத்தில் பெயர் பெற்றது. இன்று எந்த நிறுவனத்தின் இரு சில்லு இயந்திரமாயினும் மக்கள் அதனை லேண்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர். விஜேவர்தனவே பின்னாளில், இயந்திர உழவினால் கமக்காரன் உண்மையில் எவ்வளவு பயனடைந்தான் என்னும் வினாவை எழுப்பியவர் ஆவார். அவ்வினா இன்றும் பொருத்தமானது. இயந்திரம் கமக்காரனுக்கு உழைக்கின்றதா, கமக்காரன் இயந்திரத்துக்கு உழைக்கின்றானா என்பது, பழைய இயந்திரம் வாங்குகின்ற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

2020இல் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியதும் பழைய வாகனங்களின் விலையை மேலே தள்ளின. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலமும் அதுவே. 2025இன் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோதும், ரூபாயின் வீழ்ச்சியினால் புதிய இயந்திரம் சிறு கமக்காரனின் கைக்கெட்டாத உயரத்திலேயே நிற்கின்றது. ஆதலின் பழைய இயந்திரச் சந்தை மேலும் நெடுங்காலம் நிலைக்கும். அச்சந்தையில் ஏமாறாதிருக்கக் கற்பதும் வேளாண்மைக் கல்வியின் ஒரு பகுதியே.

நின்றுபோன இயந்திரத்தின் உண்மை விலை

இயந்திரத்தின் விலை விற்பனை நாளில் கொடுத்த பணம் மட்டுமன்று. ஒரு நாளில் ஆறு ஏக்கர் உழக்கூடிய இயந்திரம் விதைப்புக் காலத்தில் ஐந்து நாள் நின்றுவிடின், முப்பது ஏக்கர் உழவு நின்றுபோகும். சொந்த வயல் ஆறு ஏக்கர் எனக் கொண்டாலும், எஞ்சிய இருபத்து நான்கு ஏக்கரின் கூலி வருமானம் இழந்ததே. கூலிக்கு ஒப்புக்கொண்ட வயற்காரர் வேறு இயந்திரத்தைத் தேடிச் செல்வர். அடுத்த போகத்திலும் அவர்கள் திரும்பி வருவது அரிது.

இதனினும் பெரிய நட்டம் காலந்தாழ்த்தி விதைப்பதால் வருவது. அயல் வயல்கள் கதிர் முற்றி நிற்கையில் ஒரு வயல் மட்டும் பாற்கதிராய் நின்றால், வட்டையிலுள்ள கதிர்நாவாய்ப் பூச்சியும் பறவையும் அவ்வயலையே நாடும். நீர் நிறுத்தப்படும் நாளில் அவ்வயலுக்கு இன்னும் நீர் தேவைப்படும். அறுவடை இயந்திரங்கள் வேறு பகுதிக்குப் போன பின்னர், ஒரு வயலுக்காக அவற்றை மீண்டும் அழைப்பது இயலாத செயல். இவையெல்லாம் சேர்ந்ததே மலிவாக வாங்கிய இயந்திரத்தின் உண்மை விலை.

இரண்டு தவறான எண்ணங்கள்

பழைய இயந்திரம் வாங்குவோரிடையே இரண்டு எண்ணங்கள் பரவியுள்ளன. முதலாவது, ‘மலிவாக வாங்கிப் பின்னர் திருத்திக்கொள்ளலாம்’ என்பது. இது, பழுது என்ன என்பதை முன்கூட்டியே அறிந்தவனுக்கு மட்டும் பொருந்தும். ரயர் தேய்ந்த இயந்திரத்தையோ பற்றரி செத்த இயந்திரத்தையோ விலை குறைத்து வாங்குவதில் தவறில்லை. அச்செலவு கணக்கிடக் கூடியது. எஞ்சினின் உட்பகுதியிலும், கியர்ப் பெட்டியிலும், ஹைட்ரோலிக் பகுதியிலும் உள்ள பழுதோ திறந்து பார்க்கும்வரை அளவிட முடியாதது. அளவிட முடியாத செலவை மலிவு என்று கூறுதல் தகாது.

இரண்டாவது எண்ணம், ‘குதிரைவலு கூடியதும் வசதிகள் நிறைந்ததுமே சிறந்தது’ என்பது. கிழக்கிலங்கையில் மசே பெர்குசன் 240 போன்ற பழைய வகைகள் இன்றும் மதிக்கப்படுவதன் காரணம் அவற்றின் வலு மட்டுமன்று. முன்னர் வந்த 135 வகையிலும், பின்னர் வந்த 240 வகையிலும் பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சினே பொருத்தப்பட்டிருந்தது. ஒரே எஞ்சின் பல்லாண்டுகளாகப் பல வகைகளில் ஓடியதால் அதன் உதிரிப்பாகங்கள் எளிதிற் கிடைக்கின்றன. அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஊர்தோறும் உள்ளனர். ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வருகின்ற சில சிறிய நான்கு சில்லு இயந்திரங்கள் மிக நேர்த்தியானவை. ஆயினும் அந்நாட்டுப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட வகைகளின் பாகங்கள் இங்குள்ள கடைகளில் எளிதில் அகப்படா. ஒரு சிறிய சீலுக்காகப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தால் அந்த நேர்த்தியால் பயன் என்ன?

மேலைநாட்டுப் பண்ணைகளில் நீண்டு சுருங்கும் கையினால் வைக்கோற் கட்டுகளையும் மூட்டைகளையும் உயரத் தூக்கி அடுக்கும் இயந்திரங்கள் பெருவழக்காகியுள்ளன. ஜே.சி.பி. நிறுவனம் அத்தகைய ஏற்றியை 1977இல் வெளியிட்டது. பாவித்த ஏற்றி ஒன்றை மலிவாக வாங்கி நெல் மூட்டை ஏற்றலாம் என்று எண்ணுவோரும் இருத்தல் கூடும். தரை இறுகிய ஆலை முற்றத்தில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மூட்டைகளைக் கையாளுபவருக்கு அது பயன்படலாம். சேற்று வயலில் அது புதையும். கலப்பை இழுப்பதற்கும் அது உரியதன்று. மேலும், அதன் நீள்கையினுள் ஓடும் உயரழுத்தக் குழாய்களையும் தேய்மானத் தகடுகளையும் மாற்றத் தெரிந்தவர் அருகில் உளரா என்பதை முதலில் அறிதல் வேண்டும். எந்த இயந்திரத்துக்கும் உரைகல் இதுவே: கைக்கெட்டும் தூரத்தில் திருத்துவோன் உளன் எனில் வாங்கலாம், இலன் எனில் வாங்கலாகாது.

குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும்

இயந்திரத்தைப் பார்க்கச் செல்லும் நேரம் அதிகாலையாக இருத்தல் வேண்டும். விற்பவர் முன்னதாகவே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று திரும்பி வந்து மறுநாள் செல்வது நன்று. சூடான எஞ்சின் தன் குறையை மறைக்கும். குளிர்ந்த எஞ்சின் மறைக்காது. கையை வைத்துப் பார்த்து, எஞ்சின் குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பின்னரே அதனை இயக்கச் சொல்ல வேண்டும்.

இயக்குவதற்கு முன்னர், அளவுகோலை எடுத்து எஞ்சின் எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பாலும் தேநீரும் கலந்தாற் போல் வெளிறி இருந்தால், நீர் உட்புகுந்துள்ளது. றேடியேற்றர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே ஐயம் எழும். பின்பக்கப் பெட்டியின் எண்ணெயையும் பார்த்தல் வேண்டும். பல வகைகளில் கியருக்கும் ஹைட்ரோலிக் தூக்கிக்கும் அந்த எண்ணெய் ஒன்றே. சேற்றில் நெடுங்காலம் ஓடிய இயந்திரத்தில், அச்சுச் சீல்கள் தேய்ந்து நீர் உட்புகுதல் இயல்பு. வெளிறிய எண்ணெயுடன் ஓடிய பற்சக்கரங்கள் நெடுநாள் நில்லா.

எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் புகையின் நிறத்தைக் கவனித்தல் வேண்டும். குளிரில் சிறிது நேரம் வெண்புகை வருவது பிழையன்று. சூடேறிய பின்னரும் அது தொடர்ந்தால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை, அல்லது நீர் கலக்கின்றது. நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிகின்றது என்பதன் அடையாளம். பாரம் இழுக்கையில் சற்றுக் கரும்புகை வரலாம். பாரமின்றியும் அடர்ந்து வருமாயின், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது எரிபொருள் தெளிகருவி பழுதுபட்டிருக்கலாம். எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், அங்கிருந்து புகை அழுத்தத்துடன் பீறிட்டெழக் கூடாது. எழுமாயின், பிஸ்ரன் வளையங்களும் சிலிண்டர்களும் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம்.

இரு சில்லு இயந்திரத்தில் இச்சோதனை இன்னும் எளிது. சுழற்றுகோலினால் எஞ்சினை மெல்லச் சுற்றுகையில் அழுத்தம் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பின்றி இலகுவாகச் சுற்றினால் எஞ்சின் தேய்ந்தது. கைப்பிடியிலுள்ள திருப்பு கிளச்சுகள் இரண்டும் தனித்தனியே பிடித்து விடுகின்றனவா என்பதையும், சுழல் கத்திகளின் தண்டு ஆட்டங்கொடுக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். கடற்கரையை அண்டிய மணற்பாங்கான நிலத்தில் கத்தரி, மிளகாய், வெண்டி முதலியன செய்யும் மரக்கறிக் கமக்காரருக்கு இரு சில்லு இயந்திரமே பெரும்பாலும் போதுமானது. சிறு பாத்திகளுக்கிடையே திரும்ப முடியாத பெரிய இயந்திரத்தை வாங்கி வாடகைக்கு விட்டுப் பணம் தேடலாம் என்று எண்ணுவது, தோட்டத்தை விட்டு வேறு தொழிலில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

மணிக் கணக்குக் காட்டும் மானி பழைய இயந்திரங்களில் நின்றுபோயிருக்கலாம்; மாற்றப்பட்டிருக்கவும் கூடும். அதனை நம்பலாகாது. மிதிகளின் தேய்வும், இருக்கையின் நிலையும், இழுவைச் சட்டத்தின் துளையும் பொய் சொல்லா. வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அவ்வியந்திரம் பெட்டி இழுத்தே முதுமை அடைந்தது. புதிய வர்ணம் ஆணிகளின் தலையையும் இரப்பர்க் குழாய்களையும் மூடியிருந்தால், பூசியவர் மறைக்க விரும்பியது யாது என வினவுதல் தகும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள வார்ப்பிரும்பில் ஒட்டுவேலைத் தழும்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும்.

சேற்றில் இறக்காமல் விலை பேசலாகாது

தார் வீதியில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கலப்பையையோ சுழல் கத்தியையோ பூட்டி, நீர் நின்ற வயலில் குறைந்தது இரண்டு மணி நேரம் உழச் செய்ய வேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னர் கலப்பையை உயர்த்தி நிறுத்த வேண்டும். அது சிறிது நேரத்திலேயே தானாகத் தாழுமாயின், அல்லது நடுங்கி நடுங்கி உயருமாயின், ஹைட்ரோலிக் பகுதியில் தேய்வும் கசிவும் உண்டு. குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால் இக்குறை தொடக்கத்தில் தெரியாது; சூடேறி எண்ணெய் இளகிய பின்னரே வெளிப்படும். இரண்டு மணி நேரம் என்று கூறுவதன் காரணம் இதுவே.

கியர் ஒவ்வொன்றிலும் பாரத்துடன் ஓட்ட வேண்டும். பாரத்தின்போது கியர் தானாகக் கழன்று விழுதல் பெருங்குறை. கிளச்சு வழுக்கினால் எஞ்சின் இரைய, இயந்திரம் நகராது. வலப்புற இடப்புறப் பிரேக்குகள் இரண்டையும் இணைத்து மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுபடாமல் நேராக நிற்க வேண்டும். நெல் ஏற்றிய பெட்டியைப் பூட்டியும் இதனைச் சோதித்தல் வேண்டும். வயலிலிருந்து ஊருக்கு வரும் பாதை பல மைல் தார் வீதி; கிட்டங்கிப் பாதை போன்ற இடங்களில் மாரியில் வெள்ளம் குறுக்கே பாயும். பிரேக்குத் தளர்ந்த இயந்திரம் அங்கே உயிருக்கு உலை வைக்கும்.

கடலும் வெள்ளமும் விட்டுச் சென்ற வடு

கரையோர ஊர்களுக்கே உரிய ஒரு தீங்கு உப்பு. கடற்காற்றில் திறந்த வெளியில் நின்ற இயந்திரத்தின் மின்னிணைப்புகளும், றேடியேற்றர்த் தகடுகளும், சில்லின் உள்விளிம்பும் விரைவில் அரிக்கப்படும். ரயரைக் கழற்றி விளிம்பின் உட்புறத்தைப் பார்க்கும் பழக்கம் மிகச் சிலருக்கே உண்டு. ஆயினும் அது வேண்டிய பழக்கம்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரம் அதனினும் ஆபத்தானது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களை அழித்துச் சென்றது. 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் பெருவெள்ளம் இம்மாவட்டத்தைச் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய எஞ்சினை உடனே திறந்து துப்புரவு செய்யாவிடின், உள்ளே பிடித்த துரு மாதங்கள் கழித்தே வெளிப்படும். ‘இவ்வியந்திரம் எந்த வெள்ளத்திலாவது மூழ்கியதா?’ என்னும் கேள்வியைச் சாட்சிகள் முன்னிலையில் கேட்டுப் பதிலை எழுத்திற் பெறுதல் வேண்டும். மின் சாதனங்களின் மூலைகளிலும் இருக்கையின் அடியிலும் தங்கிய நுண்வண்டல், சில வேளை சொல்லாத பதிலைச் சொல்லும்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவரை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு, மாணவர் பலர் உயிரிழந்த துயரத்தை இப்பகுதி மக்கள் மறந்திலர். எவ்வளவு நம்பகமான இயந்திரமும் பாயும் வெள்ளத்தை வெல்லாது. பெட்டி நெல்லுக்கும் உரத்துக்கும் உரியது, மனிதர்க்கு உரியதன்று. இயந்திரம் வாங்கும் ஒவ்வொருவரும் இக்கட்டுப்பாட்டையும் உடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

பத்திரம் தெளிவின்றேல் இயந்திரம் சொந்தமன்று

எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழிலுள்ள இலக்கங்களுடன் ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தல் வேண்டும். இலக்கம் அராவப்பட்டோ மறுபடி பொறிக்கப்பட்டோ இருந்தால், அவ்விடத்திலேயே பேச்சை நிறுத்துதல் நன்று. சான்றிதழில் குத்தகை நிறுவனம் முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான எழுத்து கிடைக்கும்வரை பணத்தைக் கொடுக்கலாகாது. கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரத்துடன் கைமாறி வந்த இயந்திரங்கள் பல. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றப்படாத இயந்திரம் விபத்தில் சிக்கினால், விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே இடர்ப்படுவர். பெட்டிக்கும் தனிப் பதிவு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

குறையைச் சொல்லி விற்கும் வழக்கம்

இவ்வளவு சோதனையும் ஏன் தேவைப்படுகின்றது? விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாமையால். ஜோர்ச் அக்கர்லோவ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர், பாவித்த மோட்டார்க் கார்ச் சந்தையைப் பற்றி 1970இல் எழுதிய கட்டுரையில் இதனையே ஆராய்ந்தார். நல்லதையும் கெட்டதையும் வேறுபடுத்தி அறிய இயலாத வாங்குவோர், எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கொடுப்பர். அவ்விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்போர் விற்க முன்வரார். ஈற்றில் சந்தையில் கெட்டவையே மிஞ்சும் என்பது அவர் காட்டிய உண்மை. 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றோருள் அவரும் ஒருவர்.

கல்முனைக் கரையோர மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. பொருளின் குறையை மறைத்து விற்றலாகாது என்பதும், மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பதும், இஸ்லாமிய வணிக ஒழுக்கத்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற விதிகள். துணி விற்பனையிலும் மாட்டு விற்பனையிலும் இவ்விதியை மதிக்கும் ஊர், உழவு இயந்திர விற்பனையில் மட்டும் ‘வாங்குகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டியது’ என்று இருந்துவிடுதல் பொருந்தாது.

ஆதலின் இரண்டு வழக்கங்கள் ஊர்தோறும் தோன்றுதல் வேண்டும். முதலாவது, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு. எண்ணெய் மாற்றிய நாள், மாற்றிய பாகம், திருத்தியவர், உழுத ஏக்கர், மூழ்கிய வெள்ளம் ஆகியவற்றை அதில் எழுதி வருதல் வேண்டும். ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பியே போதும். விற்கும் நாளில் அக்கொப்பி இயந்திரத்துடன் செல்லுதல் வேண்டும். இரண்டாவது, கமக்கார அமைப்பின் முன்னிலையில் விற்பனை. விற்பவர் தாம் அறிந்த குறைகளை எழுதிக் கையொப்பமிட, அமைப்பின் நிருவாகிகள் இருவர் சாட்சியிட, குறிக்கப்பட்ட காலத்துள் மறைந்த குறை வெளிப்பட்டால் தீர்வு யாது என்பதும் அதிலேயே எழுதப்படுதல் வேண்டும்.

இவ்வாறு செய்தால் விலை குறையுமே என்று விற்பவர் கூறலாம். குறையுள்ள இயந்திரத்தின் விலை குறையும் என்பது உண்மை. அது குறைய வேண்டியதே. ஆயின் நன்கு பேணியவரின் இயந்திரம் அதற்குரிய முழு விலையைப் பெறும். இன்று அவரும் மற்றவரோடு ஒன்றாக எண்ணப்பட்டு நட்டமடைகின்றார். குறிப்பேடு பேணுவோர்க்கு வருமானமாகவும், பேணாதோர்க்குப் பாடமாகவும் அமையும்.

சாட்சியிடும் நிருவாகிகள் பின்னர் பழிக்கு ஆளாவர் என்று அஞ்சுவோரும் உளர். அவர்கள் இயந்திரத்தின் தரத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. சொல்லப்பட்டது இது, எழுதப்பட்டது இது என்பதற்கே சாட்சியாகின்றனர். நீர்ப் பங்கீட்டிலும் வரப்புத் தகராறிலும் வட்டவிதானையின் சொல்லை ஏற்றுப் பழகிய கமக்காரருக்கு இது கடினமான ஏற்பாடன்று.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

பருவம் தொடங்குமுன் வாங்குதல் வேண்டும். பெரும்போகத்துக்கு வேண்டிய இயந்திரத்தைச் சிறுபோக அறுவடை முடிந்த ஆவணியிலேயே தேடத் தொடங்கினால், சோதிக்கவும் திருத்தவும் நாள் கிடைக்கும். புரட்டாசி முடிவில் அவசரப்பட்டு வாங்குபவன் விற்பவன் சொன்ன விலையையே கொடுப்பான். உடன் அழைத்துச் செல்லும் மெக்கானிக்குக்கு வாங்குபவரே கூலி கொடுத்தல் வேண்டும்; விற்பவரிடமோ தரகரிடமோ பங்கு பெறுபவரின் சொல் இருபுறமும் வெட்டும் கத்தி போன்றது. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதற் போகத்தின் திருத்தச் செலவுக்கென்று ஒரு பங்கைப் புறம்பாக வைத்தல் வேண்டும்.

தனியே வாங்க இயலாதோர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாங்கலாம். அண்டை வயற்காரராயும் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை உடையவராயும் இருத்தல் அதற்கு முதற் தகுதி. எவர் வயல் முதலில் உழப்படும், ஓட்டுநர் எவர், பழுதுச் செலவின் பங்கு யாது என்பவற்றை வாங்குமுன்னரே எழுதிக்கொள்ளாவிடின், இயந்திரத்துக்கு முன்னர் உறவு பழுதுபடும்.

எருமைப் பட்டி வைத்திருந்த முன்னோர், மாடு வாங்கும்போது பல்லைப் பார்த்தனர், சுழியைப் பார்த்தனர், நடக்கவிட்டுக் கண்டனர், அது எவர் பட்டியில் வளர்ந்தது என்று கேட்டறிந்தனர். இரும்பு மாட்டை வாங்குவோரும் அத்துணை எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். அதிகாலையில் குளிர்ந்த எஞ்சினைக் கண்டு, சேற்றில் இரண்டு மணி நேரம் உழுவித்து, குறிப்பேட்டையும் பத்திரத்தையும் படித்து, சாட்சிகள் முன்னிலையில் பணம் கொடுத்தவனுடைய வயல் ஐப்பசி மழைக்கு ஆயத்தமாக இருக்கும்.